அண்ணி பேசாமல் இருக்கப் படித்தாள்

என் அண்ணியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நல்லதா எழுதுவியா, இல்ல உள்ளதை எழுதுவியா?" உள்ளதைத்தான் என்றேன். "அப்போ உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. அவரும் அதுல வர்றார்ல" என்றாள். கேட்டேன். எழுதிக்கோ என்று அண்ணன் தலையாட்டினான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படி அனுமதி கேட்கச் சொல்லும் ஆளில்லை அவள். யார் வீட்டு விஷயமானாலும் அது அவளுக்குப் பொதுச் சொத்து.

அண்ணி முடி வெட்டுபவள். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த சின்ன அறைதான் அவளுடைய பார்லர். இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி, ஓயாத ஒரு வாய். நாற்காலிகளில் ஒன்று பழுது. உட்கார்ந்தவர் பேசப் பேச மெல்லக் கீழே இறங்குவார்; அண்ணி காலால் மிதித்து மேலே ஏற்றுவாள். வயதில் அவள் என்னைவிட இரண்டு வருடம் சின்னவள். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. நேரில் 'நீங்க', எழுத்தில் 'அவள்' என்று வைத்துக்கொள்கிறேன்.

அவளிடம் முடி வெட்டிக்கொள்ளப் போனால் ஆலோசனையும் சேர்த்தே கிடைக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். முதுகுவலி என்று ஒருத்தி வாய் திறப்பதற்குள் மெத்தையை மாற்று என்பாள். மெத்தை போன மாதம்தான் வாங்கியது என்றால் புருஷனை மாற்று என்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். நான்தான் எதிர்வீட்டுக்காரி, போக வழியில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, நாள் முழுக்கப் பெற்றோர்களின் புகார்களைக் கேட்டுவிட்டு வருகிறவள் நான். கீழே அவள் குரல் கேட்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடியேறிய நாட்கள் உண்டு. ஏறி என்ன பயன், சாப்பாடு அவர்கள் வீட்டில்தான்.

அண்ணன் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடம் ஒரே தடத்தில் ஓட்டியவன். ஒரு பிற்பகல், தபால் நிலையத்துக்கு முன்னால் உள்ள வளைவில், சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை அவனுடைய பஸ் இடித்துவிட்டது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். உயிர் தப்பினாள், இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. சைக்கிளின் பிரேக் தேய்ந்திருந்தது, அவள்தான் வளைவில் வழுக்கிப் பஸ்ஸின் பாதைக்குள் வந்துவிட்டாள் என்று டெப்போ விசாரணை முடிந்தது. அண்ணன் மேல் தப்பில்லை என்று கையெழுத்தும் முத்திரையும் போட்ட காகிதம் வீடு தேடி வந்தது. அதை அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. மருத்துவ விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பால்கனியில் உட்கார்ந்தான். ஒரே மேசை விசிறியைக் கழற்றுவான், மாட்டுவான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், கூப்பிடாவிட்டால் அதுவும் சரி. முடி வெட்டுபவளின் புருஷனுக்கு முடி தோளைத் தொட்டது. ஒரு கடைக்கு இதைவிட மோசமான விளம்பரம் கிடையாது.

நாங்கள் சும்மா இருப்போமா? காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, 'உன் மேல தப்பில்லண்ணா' என்று நான் சொல்வேன். இடைப்பட்ட நேரம் முழுக்க அண்ணி. கூடவே நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, வைட்டமின் மாத்திரை, நாய் வளர்க்கும் யோசனை. அண்ணன் பேசுவதையே விட்டுவிட்டான். ஒருநாள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் கீழே பார்த்து நின்ற விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி. அண்ணியும் அதைக் கவனித்திருக்கிறாள். அன்று அவள் கடை திறக்கவில்லை. சாயங்காலம் வரை பால்கனியிலேயே உட்கார்ந்து, மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள் சமையலறையில், என் காதோடு. "இவரு நம்மள விட்டுட்டுப் போயிடுவாரோ?" எனக்கும் அதே பயம்தான். அதை வாய்விட்டுச் சொன்னவள் அவள்.

அந்த வாரம்தான் சுகாதார நிலையத்து நர்ஸ் பார்லருக்கு வந்தார். முடி வெட்ட அல்ல, ஆள் பிடிக்க. மனக்கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு முதல் துணையாக நிற்க, பகுதிவாசிகளுக்கே பயிற்சி கொடுக்கப்போகிறார்களாம். ஆறு சனிக்கிழமை, நூலகத்து மாடியில். "ஜனங்க எங்ககிட்ட கடைசியாத்தான் வர்றாங்க. உங்ககிட்ட மாசாமாசம் வர்றாங்க, வந்தா மனசு விட்டுப் பேசறாங்க" என்றார் நர்ஸ். பேசுவது வருகிறவர்கள் இல்லை என்று நான் திருத்தப் பார்த்தேன். அண்ணி என் காலை மிதித்துவிட்டுப் பெயரைக் கொடுத்தாள்.

"ஊருக்காக எல்லாம் இல்ல. என் புருஷனுக்காக வர்றேன். அவரைச் சரி பண்ணத் தெரிஞ்சுக்கணும்" என்று நர்ஸிடமே சொன்னாள்.

"சரி பண்ண நாங்க சொல்லித்தர்றதில்லம்மா. கேக்கத்தான் சொல்லித்தர்றோம்" என்றார் நர்ஸ். அண்ணிக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனாள்.

முதல் சனிக்கிழமை நடந்ததை அண்ணி சொல்லவில்லை. அதே வகுப்பில் இருந்த கறிக்கடைக்காரர் சொன்னார். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் மனமுடைந்தவர்போல நடிக்க, மற்றவர் கேட்க வேண்டும். கறிக்கடைக்காரர்தான் மனமுடைந்தவர். "எதுலயும் பிடிப்பே இல்ல" என்று அவர் ஒரு வரிதான் சொன்னாராம். அண்ணி ஆரம்பித்துவிட்டாள். சீக்கிரம் எழுந்திருங்க, சர்க்கரையைக் குறைங்க, கடையை மகனிடம் கொடுத்துவிட்டு எங்காவது மலைப்பக்கம் போய்வாங்க. நர்ஸ் கையில் ஒரு கடிகாரம் இருந்தது. "நீங்க கேட்டது எட்டு செகண்ட். சொன்னது நாலு நிமிஷம்" என்றார். கறிக்கடைக்காரர் மட்டும் தனக்கு அதில் குறையொன்றும் இல்லை என்றும், மலைக்குப் போவது பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

நர்ஸ் எல்லாருக்குமாக மூன்று விதி சொல்லி அனுப்பினார். கேட்டது வெளியே போகக் கூடாது. எதிரில் இருப்பவர் நிறுத்தினால் உடனே பதில் சொல்லாமல் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். சாவைப் பற்றிய எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டுவிட்டு, ஆளைத் தனியே விடாமல் தங்களிடம் கூட்டிவர வேண்டும்.

எங்கள் வீட்டு வரலாற்றில் இல்லாத குழப்பத்தைக் கொண்டுவந்தது அந்த இரண்டாவது விதிதான்.

அண்ணிக்கு மனதுக்குள் எண்ண வராது. அவள் எதையும் கையால்தான் செய்வாள். அடுத்த வாரம் கணக்கு டீச்சர் வந்தார். இடுப்பு வரை முடி. நுனியை மட்டும் ஒரு விரல் அளவு வெட்டச் சொன்னார். வெட்டிக்கொள்ளும்போது, மகள் தன்னோடு பேசி மூன்று மாதமாகிறது என்று சொல்லி நிறுத்தினார். அண்ணிக்கு நாக்கு நுனி வரை ஆலோசனை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று, ஒரு வெட்டு. இரண்டு, ஒரு வெட்டு. பத்து வரை கத்திரிக்கோல் நிற்கவில்லை. அந்த அமைதியில் டீச்சருக்கு இன்னும் பேச வந்தது. பேசினார், நிறுத்தினார், அழுதார், நிறுத்தினார். அண்ணி ஒவ்வொரு தடவையும் நேர்மையாகப் பத்து எண்ணினாள். டீச்சர் எழுந்தபோது அவருக்கு மனம் லேசாகியிருந்தது, தலை அதைவிட லேசாகியிருந்தது. முடி காதோடு நின்றது.

விசித்திரம் என்னவென்றால் டீச்சர் கோபப்படவில்லை. "இவ்வளவு நேரம் யாரும் என்னைப் பேசவிட்டதில்ல" என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அது பரவியது. அடுத்து வங்கி குமாஸ்தா வந்தாள், மாமியார் விஷயம், தோள் வரை போயிற்று. தையல்காரம்மா வந்தார், பழைய துக்கம் ஒன்று, கழுத்துக்கு மேலே. மூன்றே வாரத்தில் தெருவில் நீளமுடி அரிதாகிவிட்டது.

அண்ணி யாரைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. இதை நான் சத்தியம் செய்வேன். என்னிடமே சொல்லவில்லை, அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் தெருவுக்குக் கண் இருக்கிறதே. முடி குட்டையானால் வீட்டில் பிரச்சினை, எவ்வளவு குட்டையோ அவ்வளவு பெரிய பிரச்சினை என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். வெயிலுக்காக ஆசைப்பட்டு முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட பல் டாக்டரை, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாறி மாறி வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அவருடைய கணவர் காய்கறி வாங்கப் போன இடத்தில் இரண்டு பெண்கள் அவரை வழிமறித்து, "இனிமேலாவது கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். மனிதர் காலிஃப்ளவரோடு பார்லருக்கே வந்துவிட்டார். "நான் என்ன செஞ்சேன்?" என்று அண்ணியிடம் நியாயம் கேட்டார். பாவம், அவர் செய்தது ஒன்றுமில்லை.

நான்காவது சனிக்கிழமை அண்ணி எல்லாவற்றையும் நர்ஸிடம் ஒப்புக்கொண்டாள். நர்ஸ் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று என்று கறிக்கடைக்காரர் சொன்னார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தை இறுக்கினாராம். "வாயால சொன்னாத்தான் வெளியே போறதுன்னு இல்லம்மா. அவங்க தலையைப் பாத்தே ஊர் பேசுதுன்னா அதுவும் நீங்க சொன்ன மாதிரிதான். கேக்கணும்னா கத்திரிக்கோலைக் கீழ வைங்க. வெட்டணும்னா வெட்டுங்க. ரெண்டையும் சேர்த்துப் பண்ணாதீங்க."

வெறும் கையோடு இருப்பது அண்ணிக்குத் தண்டனை. முதலில் கையைப் பாக்கெட்டில் விட்டுப் பார்த்தாள், துண்டை முறுக்கிப் பார்த்தாள். கடைசியில் ஒரு முக்காலி வாங்கிப்போட்டு, பேச வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவது என்று பழக்கினாள். ஒரு நாளைக்குப் பத்துத் தலை வெட்டியவள் ஆறோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கே அவள் முகம் கொஞ்சம் மாறியதுபோல இருந்தது. வாய் மூடியிருக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அதற்கு முன் நான் பார்த்திருக்கவில்லை, அதுவும் ஒரு காரணம்.

ஊரெல்லாம் பேசியது, அண்ணன் மட்டும் பேசவில்லை. அண்ணி பால்கனியில் அவனுக்கு நேரெதிரே நாற்காலியைப் போட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டு உட்காருவாள். அவன் எழுந்து கூடத்துக்குப் போனால் கூடத்துக்கு வருவாள். "ஏன் இப்படி முறைக்கற?" என்று இரண்டு மாதத்தில் முதல்முறையாக முழு வாக்கியம் பேசினான் அண்ணன். "முறைக்கலங்க, கேக்கறேன்" என்றாள் அவள். அவன் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். அன்று அவள் என் வீட்டுக்கு வந்து அழுதாள். ஊரில் யார் யார் சொல்வதையோ கேட்கத் தெரிந்துவிட்டது, ஒரே ஒருத்தருக்காகத்தானே போனேன் என்றாள். நான் முகம் துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமைக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை, பார்லருக்கு விடுமுறை. வியாழக்கிழமை அண்ணன் டெப்போவின் மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். வண்டி ஓட்டத் தகுதியா இல்லையா என்று அன்று முடிவாகிவிடும். நான் சாயம் போட்டுக்கொள்ளக் கீழே போயிருந்தேன். சாயத்தைப் பூசி, பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிட்டு, அரைமணி கழித்துக் கழுவலாம் என்றாள் அண்ணி. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்து தாழ்போட்டான்.

என்னைப் பார்த்தான். "நீயும் இருக்கியா? சரி, இரு" என்றான். பழுது நாற்காலியில் உட்கார்ந்தான். "வியாழக்கிழமைக்கு மனுஷனா தெரியணும். வெட்டிவிடு."

அண்ணி துணியைப் போர்த்தி, சிக்கெடுக்க ஆரம்பித்தாள். நாற்காலி மெல்ல இறங்கியது. பாதி இறங்கியபோது அண்ணன் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான், "அங்க போய் என்ன சொல்றது?"

நான் இருக்கிறேனே, வாய் சும்மா இருக்குமா? "உன் மேல தப்பில்லன்னு சொல்லுண்ணா. அதான் காகிதமே இருக்கே" என்றேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணி கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் தொலைந்தாய் என்று அர்த்தம். சீப்பை வைத்துவிட்டு, முக்காலியை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை, அவன் பார்க்கிற பக்கத்தையே பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வெளியே யாரோ கதவை உலுக்கிப் பார்த்துவிட்டு, விடுமுறை என்று போய்விட்டார்கள். தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி பேசவில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"தூங்கிட்டேன்" என்றான் அண்ணன்.

முதலில் எனக்குப் புரியவில்லை.

"அந்த வளைவுல. முந்தின நாள் ரெண்டு ஷிப்ட் பாத்தேன், வேணாம்னு சொல்லியிருக்கலாம். கண்ணு சொருகிடுச்சு. முழிச்சப்போ அந்தப் பொண்ணு கீழ கெடக்குறா. நான் இறங்கினவுடனே கண்டக்டர் சொல்றான், உங்க மேல தப்பில்லண்ணே. வீட்டுக்கு வந்தா நீ சொல்ற. இவ சொல்றா. டெப்போவுல எழுதியே குடுத்துட்டாங்க. சொல்லலாம்னு வாயத் திறந்தா எல்லாரும் தப்பில்ல தப்பில்லன்னு என் வாய அடைக்கறீங்க. நான் யார்கிட்டதான் சொல்றது?"

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மாதக்கணக்காக, என் கூடப் பிறந்தவனின் வாயை என் கையாலேயே பொத்தியிருக்கிறேன். அந்த நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு உறைத்தது.

அண்ணி 'ஐயோ' என்று சொல்லவில்லை, 'அப்படியெல்லாம் இருக்காது' என்று சொல்லவில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் ஒழுங்காக இருந்தது. "அப்புறம்?" என்றாள். அவன் சொன்னான். வாசலில் யாராவது மணி அடித்தால்கூட, அன்று அரைத்தூக்கத்தில் கேட்ட அந்த சைக்கிள் மணிதான் கேட்கிறது என்றான். சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

"சில நாள்" என்றான். "பால்கனியில."

"இன்னிக்கு?"

"இன்னிக்குக் கொஞ்சம் பரவால்ல."

"நாளைக்கு வரைக்கும் எல்லாம் வேணாம். இப்பவே நர்ஸம்மாகிட்ட போலாம், நானும் வர்றேன்" என்றாள். அவன் மறுக்கவில்லை. பாதி சிக்கெடுத்த தலையோடு எழுந்து அவளோடு போனான். அவர்கள் போனபிறகுதான் எனக்குச் சாயத்தின் நினைவே வந்தது. ஒன்றேகால் மணிநேரம் ஊறியிருந்தது. நெற்றியும் இரண்டு காதும் கறுத்துப்போய், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பத்து நாள் என்னைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மருத்துவரைப் பார்த்தான், மாத்திரை கொடுத்தார்கள், வாராவாரம் நர்ஸிடம் போய்ப் பேசுகிறான். வியாழக்கிழமை மருத்துவக் குழுவிடம் தூங்கிவிட்டதைச் சொன்னான். விசாரணை மறுபடி திறந்தது. வண்டி ஓட்டும் வேலை போயிற்று, டெப்போவில் நேரம் குறிக்கும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அண்ணி ஆறாவது சனிக்கிழமைக்கும் போய்ச் சான்றிதழ் வாங்கினாள். என்னோடு சண்டை போடும்போது மட்டும் பழைய வாய் அப்படியே இருக்கிறது, எனக்கு அதில் ஒரு நிம்மதி.

மருந்துக்கடைப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொன்னான். அவளுக்கு இஷ்டமா என்று முதலில் கேளுங்கள் என்றார் நர்ஸ். அண்ணி போன் செய்து கேட்டாள். ஞாயிறு காலை வரச் சொன்னாள் அந்தப் பெண். தனியாகப் போகத் தைரியமில்லை என்று அண்ணன் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனான்.

ஊன்றுகோலோடு அவளே வந்து கதவைத் திறந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. உட்காரச் சொன்னாள். அண்ணன் நின்றபடியே சொன்னான், "உங்க பிரேக்கால ஒண்ணும் ஆகல. நான் தூங்கிட்டேன். என்னாலதான் உங்க கால் போச்சு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் வாயே திறக்கவில்லை.

"நான் பாத்தேன்" என்றாள் கடைசியில். "உங்க கண்ணு மூடியிருந்துச்சு. ஆஸ்பத்திரியில சொன்னேன், விசாரணையில சொன்னேன். அதிர்ச்சியில ஏதோ பாத்த மாதிரி இருக்கும்மான்னு சொல்லிட்டாங்க. எங்க வீட்டுலயும் அதையேதான் சொன்னாங்க. எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு நினைச்சு, சொல்றதையே விட்டுட்டேன்."

அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, உள்ளறைப் பக்கம் திரும்பித் தன் கணவனைக் கூப்பிட்டாள், அம்மாவைக் கூப்பிட்டாள். இருவரும் வந்து வாசற்படியில் நின்றார்கள்.

"இப்போ இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அண்ணனிடம். "இவங்களும் கேக்கட்டும்."

அண்ணன் முதலிலிருந்து சொன்னான்.